கண்காணா வாயுவும் அரசின் கடமையும்

மண்டி மொஹல்லாவில் நான் குடியிருக்கும் அறை தரைத்தளத்தில் உள்ளது. பழைய வீடு, கருங்கல் பாவிய தரை, சந்தை நோக்கி ஒரே ஒரு சன்னல். மாலை ஆறு மணி ஆனதும் கொசுவுக்கு அஞ்சி அந்தச் சன்னலையும் சாத்திவிடுவேன். மறுநாள் காலையில்தான் திறப்பேன். மார்கழி, தை மாதங்களில் மைசூர்க் குளிருக்கு அஞ்சிப் பகலிலும் அது திறவாமலே கிடப்பதுண்டு. ரேடான் என்னும் வாயுவை அளக்கும் முறையை ஆய்வுக்கூடத்தில் கற்று வந்த அன்றுதான் இந்த அறையை வேறு கண்ணோடு பார்த்தேன். அன்று இரவு வீட்டுக்கார அம்மாளிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்:

“ஏன் தம்பி, கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது என்கிறாய். அப்படிப்பட்டதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நானா, சர்க்காரா?”

இயற்பியல் படிக்கும் எனக்கு அதற்கு உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

ரேடான் என்பது யாது?

யுரேனியம் என்னும் தனிமம் சுரங்கங்களில் மட்டுமே இருப்பது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. எல்லாப் பாறைகளிலும், எல்லா மண்ணிலும் அது சிறிதளவேனும் கலந்துள்ளது. கருங்கல்லில் சற்று மிகுதியாகவே உள்ளது. யுரேனியம் நிலையற்ற தனிமம். யுரேனியம்-238 தன் அளவில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகும். இவ்வாறு சிதைந்து சிதைந்து அது பல தனிமங்களாக மாறிச் செல்லும் வழியில் ரேடியம்-226 தோன்றுகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ரேடிய அணு ஓர் ஆல்பா துகளை வீசியெறிந்ததும் எஞ்சி நிற்பதே ரேடான்-222. அதன் அணு எண் 86.

இவ்வரிசையில் ரேடானுக்கு முன்னே நிற்கும் தனிமங்கள் யாவும் திடப்பொருள்கள். தோன்றிய இடத்திலேயே கிடப்பவை. ரேடான் ஒன்றே வாயு. ஹீலியம், நியான், ஆர்கான் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்ததாதலின் வேறு எதனோடும் அது எளிதில் கூடாது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. அதன் அரை ஆயுள் 3.8 நாள். அந்தச் சில நாள்களுக்குள் அது மண்ணின் இடுக்குகள் வழியே ஊர்ந்து மேலே வந்துவிடுகிறது.

1899-ஆம் ஆண்டில் ரதர்போர்டும் ஓவன்ஸும் தோரியத்திலிருந்து கதிரியக்கம் உடைய ஒரு வாயு வெளிவருவதைக் கண்டனர். அடுத்த ஆண்டில் டோர்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர் ரேடியத்திலிருந்தும் அவ்வாறு ஒரு வாயு வெளிவருவதைக் கண்டார். பின்னதே நாம் பேசும் ரேடான். முன்னதைத் தோரான் என்பர். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் மிகுதி; ஆதலின் அங்குத் தோரானையும் கருதவேண்டும்.

கதிரியக்கத்தை முதலில் கண்ட ஹென்றி பெக்கெரலின் பெயரால் அதன் அலகு வழங்குகிறது. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது 1 பெக்கெரல். ஓர் அறையின் காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கெரல் ரேடான் இருப்பதாகக் கொள்வோம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள என் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 28 கன மீட்டர். எனவே, நான் உறங்கும் ஒவ்வொரு நொடியும் என்னைச் சுற்றி 2,800 ரேடான் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கும்.

வீட்டினுள் அது புகும் வழி

திறந்த வெளியில் ரேடான் காற்றோடு கலந்து நீர்த்துப் போகிறது. அங்கு அதன் அளவு பொதுவாகக் கன மீட்டருக்கு 5 முதல் 15 பெக்கெரல் வரை. வீட்டினுள் நிலைமை வேறு. அறையின் காற்று வெளிக்காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருப்பதால் மேலெழுந்து வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, தரையின் கீழுள்ள மண்ணிலிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. தரையின் வெடிப்பு, கல்லும் கல்லும் சேரும் பொருத்து, குழாய் நுழையும் துளை, சாக்கடை வாய் ஆகியவற்றின் வழியே ரேடானும் உடன் வருகிறது. ஆதலின் மாடியைவிடத் தரைத்தளத்தில் அது மிகுதி. பகலைவிட விடியற்காலையில் மிகுதி. கோடையைவிடக் குளிர்காலத்தில் மிகுதி. திறந்த வீட்டைவிட மூடிய வீட்டில் மிகுதி.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. சுவரும் தரையும் கட்டப்பெற்ற பொருள்களில் ரேடியம் இருந்தால் அவையே ரேடானை வெளிவிடும். கருங்கற் பாறையில் தோண்டிய ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்துள்ள ரேடான், அந்நீரைத் திறந்துவிடும்போதும் குளிக்கும்போதும் காற்றில் கலக்கும். ஆற்று நீரில் இத்தொல்லை மிகக் குறைவு. ஓடும்போதே வாயு வெளியேறிவிடுகிறது.

நுரையீரலுக்கு நேரும் தீங்கு

மூச்சில் புகுந்த ரேடானில் பெரும்பகுதி அடுத்த மூச்சிலேயே வெளியேறிவிடும். தீங்கு செய்வன அதன் சேய்ப் பொருள்களே. ரேடான் சிதைந்து பொலோனியம்-218 ஆகிறது. பின்பு ஈயம்-214, பிஸ்மத்-214, பொலோனியம்-214 என்று மாறுகிறது. இவை வாயுக்கள் அல்ல, திடப்பொருள்கள். காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிகின்றன. இவற்றுள் பொலோனியங்கள் இரண்டும் ஆல்பா துகள்களை வீசுகின்றன. ஆல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். நம் தோலின் மேற்பரப்பும் தடுத்துவிடும். ஆனால் மூச்சுக்குழாயின் மென்மையான உயிரணுக்களுக்கு அத்தகைய கவசம் இல்லை. அங்கு நேரும் சிதைவு பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படலாம்.

இதை மக்கள் அறிந்துகொண்டது மிக மெதுவாக. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர் நெஞ்சுநோயால் இளமையிலேயே மாண்டு வந்தனர். அது நுரையீரலில் தோன்றும் புற்று என்று 1879-இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் எடுத்துக் காட்டினர். காரணம் சுரங்கக் காற்றில் மிகுந்திருந்த ரேடான் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. அப்போதும் அது சுரங்கத்தின் நோய் என்றே கருதப்பட்டது.

வீட்டிலும் அது நிகழும் என்பதை உலகறியச் செய்தது 1984-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையம் கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. அங்கு வேலை செய்த ஸ்டான்லி வாட்ரஸ் என்பவர் கதிரியக்கம் காட்டும் கருவியைக் கடக்கும்போதெல்லாம் மணி ஒலித்தது. நிலையமோ இன்னும் மின்சாரம் உற்பத்தி செய்யவே தொடங்கவில்லை. ஒருநாள் அவர் காலையில் உள்ளே நுழையும்போதே அக்கருவியின் முன் நின்று பார்த்தார். அப்போதும் மணி ஒலித்தது. அவர் கதிரியக்கத்தை நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு செல்லவில்லை; வீட்டிலிருந்து நிலையத்திற்குக் கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டில் ரேடானின் அளவு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பெக்கெரல். அவருடைய மனைவியும் மக்களும் அதனுள்ளேயே வாழ்ந்து வந்தனர். தொழிற்சாலை வாயிலில் ஒரு கருவி இல்லாதிருந்தால் இவ்வுண்மை அக்குடும்பத்துக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

1988-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதி எனும் வகுப்பில் சேர்த்தது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் ரேடானைப் பற்றி ஒரு கைந்நூல் வெளியிட்டது. நுரையீரல் புற்றுநோய்களில் நாட்டுக்கு நாடு 3 முதல் 14 விழுக்காடு வரை ரேடானால் விளைகின்றன என்றும், கன மீட்டருக்கு 100 பெக்கெரல் கூடுந்தோறும் அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது என்றும் அந்நூல் கூறுகிறது. புகைபிடிப்பவர்க்கு இது தீயில் எண்ணெய் வார்த்தது போலாகும். வீட்டுக் காற்றில் 100 பெக்கெரலுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்க. அது இயலாத நாடுகளும் 300-ஐத் தாண்டவிடாதீர் என்பதே அந்நிறுவனம் அரசுகளுக்குக் கூறிய அறிவுரை.

நம் ஊரின் நிலை

சாமுண்டி மலையின் கருங்கல் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுப் பழமை உடையது. மைசூரின் பழைய வீடுகளில் தரையாகவும் படியாகவும் தூணாகவும் விளங்குவது இப்பகுதிக் கருங்கல்லே. ஆதலின் இவ்வூரில் ரேடானைத் தேடிப் பார்ப்பது இயல்பு. மானசகங்கோத்ரியில் உள்ள மைசூர்ப் பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் நகர வீடுகளிலும், சுற்றுப்புற நிலத்தடி நீரிலும், மண்ணிலும் ரேடானைப் பல ஆண்டுகளாக அளந்து ஆராய்ச்சி இதழ்களில் வெளியிட்டு வந்துள்ளனர்.

அளக்கும் முறை மிக எளிது. எல்.ஆர்.-115 என்று ஒரு செந்நிறப் படலம் உண்டு. அதில் ஒரு சிறு துண்டை ஒரு கிண்ணத்துள் வைத்து அறையில் மூன்று மாதம் தொங்கவிடுவர். ஆல்பா துகள் படும் இடமெல்லாம் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வடு ஏற்படும். பின்பு அதைக் காரக் கரைசலில் சூடேற்றினால் வடுக்கள் துளைகளாக விரியும். அவற்றை எண்ணி ரேடானின் அளவைக் கணக்கிடுவர். மின்சாரம் வேண்டா; காவல் வேண்டா. பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய கிண்ணங்களை வடிவமைத்து, பல பல்கலைக்கழகங்களின் துணையோடு நாட்டின் பல பகுதிகளில் வீடுகளை அளந்துள்ளது.

அவ்வாறு அளந்த வீடுகளிற் பெரும்பாலானவற்றில் ரேடான் குறைவாகவே இருந்தது. வீடுகளின் உலகச் சராசரி கன மீட்டருக்கு ஏறத்தாழ 40 பெக்கெரல். நம் நாட்டு வீடுகள் பல அதற்கும் கீழே நிற்கின்றன. காரணம் நம் தட்பவெப்பமும் நாம் திறந்து வைக்கும் சன்னலுமே. எனவே, இதைப் படிக்கும் எவரும் இன்றிரவே அச்சம் கொள்ள வேண்டியதில்லை.

அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா. சராசரி என்பது ஊருக்கு உரியது. நோயோ ஆளுக்கு உரியது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு வீடுகளில் ரேடானின் அளவு பல மடங்கு மாறலாம். தரை வெடித்திருக்கிறதா, சன்னல் எத்தனை, அடியில் என்ன பாறை என்பவற்றைப் பொறுத்தது அது. மேலும் நம் சன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. குளிர்சாதனம் பொருத்திய வகுப்பறை, கண்ணாடி பதித்த அலுவலகம், ஒரே அறையைப் பலகையால் நான்காகத் தடுத்த மாணவர் விடுதி என்று நகரம் மாறி வருகிறது. இதுவரை நம்மைக் காத்தது சட்டம் அன்று; காற்று. அக்காற்றை அடைத்த பின் நம்மைக் காப்பது எது?

இது யாருடைய பொறுப்பு?

இனி, வீட்டுக்கார அம்மாளின் கேள்விக்கு வருவோம்.

அரசுக்கு இதில் பொறுப்பில்லை என்போர் மூன்று காரணம் கூறலாம். ரேடான் இயற்கையாக வருவது, எவரும் செய்த குற்றம் அன்று என்பது ஒன்று. வீடு தனியாருடையது, அதனுள் அரசு நுழைவது முறையன்று என்பது மற்றொன்று. பீடிப்புகையும் வண்டிப்புகையும் இதைவிடப் பெருங்கேடு; அவற்றை விட்டு இதற்குப் பணம் செலவிடலாமா என்பது மூன்றாவது.

முதற் காரணத்திற்கு இந்த ஊரின் வரலாறே விடை கூறும். 1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் மைசூர் அரசில் புகுந்து பல்லாயிரவரைக் கொன்றது. அதுவும் இயற்கையாக வந்ததே. அதன் கிருமி கண்ணுக்குத் தெரியாதது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகிறது என்ற உண்மைகூட அவ்வாண்டில்தான் முதன்முதல் கூறப்பட்டது. அறிஞர் பலர் அதை உடனே ஒப்பவும் இல்லை. அந்த அரைகுறை அறிவோடும் அரசு வாளா இருக்கவில்லை. 1903-இல் மைசூரில் நகர அபிவிருத்தி அறக்கட்டளை வாரியம் அமைக்கப்பட்டது. நெருக்கமான பகுதிகளுக்கு வழிவிட்டு, அகன்ற தெருவும் வடிகாலும் காற்றோட்டமும் உடைய புதுப் பகுதிகளை அது உண்டாக்கிற்று. “உன் வீட்டு எலியை நீயே பார்த்துக்கொள்” என்று அன்றைய அரசு சொல்லியிருந்தால் இன்று நாம் பெருமையோடு நடக்கும் மைசூர்த் தெருக்கள் இல்லை. ரேடானைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ, பிளேக்கைப் பற்றி அவர்கள் அன்று அறிந்திருந்ததைவிட எத்தனையோ மடங்கு மிகுதி.

இரண்டாவது காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு. என் வீட்டுச் சன்னலைத் திறக்க அரசின் ஆணை வேண்டியதில்லை. ஆனால், தனி மனிதனுக்குப் பொறுப்பை அளிக்கும் முன் அவனுக்கு அறிவை அளித்திருக்க வேண்டும். கூரை ஒழுகினால் தெரியும். சோறு கெட்டால் மணக்கும். ரேடான் மட்டும் கருவி இன்றித் தெரியாது. வாட்ரஸ் குடும்பத்தின் கதை கூறுவதும் இதுவே. கருவி எளியதாயினும் அதைச் செய்து, அளந்து, கணக்கிட்டு, “இந்த அளவுக்கு மேல் ஆகாது” என்று சொல்ல ஓர் அமைப்பு வேண்டும். எல்லை எது என்றே அறிவிக்கப்படாத இடத்தில், எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள் என்று குடிமகனிடம் கூறுவது பொருந்தாது. மேலும், என்னைப் போன்ற வாடகைக் குடியிருப்போர் தரையை உடைத்துக் குழாய் பதிக்க முடியுமா?

மூன்றாவது காரணம் மெய்யே, பீடிப்புகை பெருங்கேடுதான். எனினும், அந்தப் புகையோடு சேரும்போதே ரேடான் மிகக் கொடியதாகிறது என்பதால் இவ்விரண்டும் ஒரே போராட்டத்தின் இரு பகுதிகள். தவிரவும், அளப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அளந்த பிறகு எங்கே தேவையோ அங்கே மட்டும் பணம் செலவிட்டால் போதும்.

பள்ளிக்கு முதலிடம் ஏன்?

பிள்ளைகள் பள்ளியில் கழிக்கும் நேரத்தைவிட வீட்டில் கழிக்கும் நேரமே மிகுதி. அவ்வாறிருக்க, பள்ளிகளை முதலில் அளக்க வேண்டும் என்று நான் கூறுவது ஏன்?

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாளும் 1,000 மணி நேரப் பாடமும் நடத்த வேண்டும் என்று அதன் அட்டவணை விதிக்கிறது. ஆண்டு ஒன்றில் உள்ள 8,760 மணியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு இது. அந்த நேரத்தில் எந்த அறையில் உட்காருவது, எந்தச் சன்னலைத் திறப்பது என்பதைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. “நீ வந்து இங்கே உட்கார்” என்று சட்டம் ஆணையிடுகிறது. உட்காரச் சொல்பவர் அங்குள்ள காற்றுக்கும் பொறுப்பேற்பதே நீதி. அதே அட்டவணை வகுப்பறை, குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், விளையாட்டிடம் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது; அறையின் காற்றில் ரேடான் எவ்வளவு இருக்கலாம் என்பதைக் கூறவில்லை.

கோலார் தங்கவயலை நம்மவர் மறக்க இயலாது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்தனர். 2001-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. நிலத்தடியில் நல்ல காற்றைச் செலுத்துவது நிர்வாகத்தின் கடமை என்று 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் 1961-இல் வந்த உலோகச் சுரங்க விதிகள் வகுத்தன. அந்தக் கடமை எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு செய்தி. ஆனால், கூலி பெற்று இறங்கும் வளர்ந்த மனிதனின் மூச்சுக்கு ஒரு விதி இருந்தது. அத்தொழிலாளியின் பேரப்பிள்ளை அமரும் வகுப்பறையில் இதே கேள்விக்கு விதி இல்லை.

பிற நாடுகள் செய்தது

அயர்லாந்து அரசு 1998 முதல் 2004 வரை நாடெங்கும் பள்ளிகளை அளந்தது. 3,800-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் தரைத்தள அறைகளில் அளவுக் கருவிகள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ நான்கில் ஒரு பள்ளியில் குறைந்தது ஓர் அறையாவது அவர்கள் வகுத்த 200 பெக்கெரல் எல்லையைத் தாண்டியிருந்தது. தாண்டிய அறைகளைச் சீர்செய்யும் செலவைக் கல்வித் துறை ஏற்றது.

சீர்செய்வதும் பெரிய வித்தை அன்று. அளவு சற்றே மிகுந்தால் காற்றோட்டத்தைக் கூட்டினால் போதும். மிகவும் கூடினால் தரைக்கு அடியில் ஒரு சிறு குழி அமைத்து, அதிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேல் கொண்டு சென்று, சிறு மின்விசிறியால் மண்ணின் காற்றை வெளியேற்றிவிடுவர். ரேடான் அறைக்குள் வரும் முன்பே வானத்துக்குச் சென்றுவிடும். புதிதாகக் கட்டும்போதே தரைக்கடியில் தடுப்புப் படலம் விரித்துவிட்டால் செலவு இன்னும் குறைவு.

ஸ்வீடன் நாட்டில் யுரேனியம் மிகுந்த ஒருவகைக் களிப்பாறையால் செய்த இலேசான கட்டடக் கல்லை 1929 முதல் வீடு கட்டப் பயன்படுத்தினர். அதன் தீங்கு தெரிந்த பின் 1975-இல் உற்பத்தி நின்றது. ஆனால், கட்டிய வீடுகள் கட்டியபடியே உள்ளன. அவற்றைச் சீர்செய்ய அரசு மானியம் அளிக்க வேண்டியதாயிற்று. கட்டுமானப் பொருளை முன்பே ஆராயாததன் விலை இது.

அமெரிக்காவில் 1988-இல் ரேடானைக் குறைப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினர். அடுத்து நடந்த தேசிய ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பள்ளியில் ஓர் அறையாவது எல்லையைத் தாண்டியது தெரிந்தது. எனினும், பள்ளிகள் கட்டாயம் அளக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் விதிக்கவில்லை. அது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2013-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வோர் உறுப்பு நாடும் 300 பெக்கெரலுக்கு மேற்படாத ஓர் எல்லையை வகுத்து, தேசியச் செயல்திட்டம் ஒன்றும் தீட்ட வேண்டும் என்பது அவ்வாணை.

நம் நாட்டில் யாரைக் கேட்பது?

நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒரு வியப்பு உள்ளது. ஒன்றியப் பட்டியலில் ஆறாவது இடத்தில் இருப்பது அணுசக்தி. மாநிலப் பட்டியலில் ஆறாவது இடத்தில் இருப்பது பொதுச் சுகாதாரம். ரேடான் கதிரியக்கப் பொருள் என்பதால் மாநிலம் ஒன்றியத்தை நோக்கும். அது வீட்டுக் காற்றில் உள்ள சுகாதாரக் கேள்வி என்பதால் ஒன்றியம் மாநிலத்தை நோக்கும். கல்வியோ இருவருக்கும் பொதுப் பட்டியலில் உள்ளது. கட்டட அனுமதி நகராட்சியிடம் உள்ளது. இவ்வாறு நான்கு கைகளுக்கு நடுவே இப்பொருள் நழுவி விழுகிறது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் தோன்றியது. அணு நிலையங்களையும் கதிரியக்கக் கருவிகளையும் கண்காணிப்பது அதன் தலையாய பணி. உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போஜிப்சத்தைக் கட்டடப் பொருளாக்கும்போது அதில் எவ்வளவு ரேடியம் இருக்கலாம் என்று அது வரம்பு விதித்துள்ளது. இது நல்ல தொடக்கம். 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வெளிக்காற்றை நோக்கியே எழுந்தது. ஆனால், அரசியல் சட்டத்தின் 47-ஆம் விதி பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதை அரசின் முதற்கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. மாசற்ற நீரும் காற்றும் பெறுவது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 1991-இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆகவே, கடமை உண்டு. அதைச் செய்வோர் இன்னார் என்று பிரித்துச் சொல்லும் திட்டமே வேண்டும்.

என் சிற்றறிவுக்கு எட்டிய வகையில் அதைப் பின்வருமாறு பிரிக்கலாம். எல்லை அளவை வகுப்பது ஒன்றிய அரசும் ஒழுங்குமுறை வாரியமும் செய்ய வேண்டிய பணி. பள்ளிகளை அளந்து, முடிவை அந்தந்தப் பள்ளியின் சுவரிலேயே எழுதி வைப்பது மாநிலக் கல்வித் துறையின் பணி. கருங்கல் மிகுந்த பகுதிகளில் புதுக் கட்டடத்திற்குத் தடுப்புப் படலமும் காற்றோட்டமும் கட்டாயமாக்குவது நகராட்சியின் பணி. அளப்பதும், அளந்ததை மக்கள் மொழியில் விளக்குவதும் பல்கலைக்கழகத்தின் பணி. ஏழை வீட்டிலும் வாடகை வீட்டிலும் சீர்செய்ய உதவுவது இவர்கள் அனைவரும் சேர்ந்து ஏற்க வேண்டிய செலவு.

பள்ளிகளை அளப்பதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மூன்று மாதம் தொங்கும் கிண்ணம், அறை பூட்டிக் கிடக்கும் இரவையும் விடுமுறையையும் சேர்த்தே எண்ணும். ஆதலின் ஓர் அறையில் அளவு மிகுந்து காணப்பட்டால், பிள்ளைகள் இருக்கும் பள்ளி நேரத்தில் மட்டும் மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்தே முடிவு கூற வேண்டும். இல்லையேல் வீண் பீதி பரவும். உண்மையான அறையும் அந்தக் கூச்சலில் மறைந்துபோகும்.

முடிவாக

மாணவத் தோழர்களே! நம்முள் பலர் ஊரைவிட்டு வந்து சிறு அறைகளில் தங்கிப் படிக்கிறோம். வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா, சாப்பாடு எப்படி என்று கேட்டே அறை பிடிக்கிறோம். காற்று வருமா என்றும் கேட்போம். காலையில் எழுந்ததும் சன்னலையும் கதவையும் சிறிது நேரம் எதிரெதிரே திறந்து வைப்போம். தரையின் வெடிப்பைச் சிமெண்டால் அடைக்கச் சொல்வோம். கொசுவுக்கு அஞ்சிச் சன்னலை மூடுவதைவிட அதற்கு வலை அடிப்பது நன்று. நம்முள் இயற்பியல் பயில்வோர் தத்தம் ஊரில் தாம் படித்த பள்ளியை அளந்து பார்க்கும் ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நாமக்கல்லிலும் கருங்கல் உண்டு; பள்ளியும் உண்டு.

இவை நாம் செய்யக் கூடியவை. ஆனால், இவற்றைச் செய்வதாலேயே அரசின் கடமை தீர்ந்துவிடாது.

வீட்டுக்கார அம்மாளிடம் சென்ற வாரம் என் விடையைக் கூறினேன். “சன்னலைத் திறப்பது உங்கள் வேலையும் என் வேலையும் அம்மா. எந்த வீட்டில், எந்தப் பள்ளியில் சன்னலைத் திறந்தால் மட்டும் போதாது என்று அளந்து சொல்வது சர்க்காரின் வேலை” என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “அப்படியானால் நம் வேலையை முதலில் முடித்துவிடுவோம். பிறகு அவர்களைக் கேட்க வாய் இருக்கும்” என்றார். மறுநாளே தச்சரை அழைத்து என் அறைச் சன்னலுக்கு வலை அடித்துக் கொடுத்தார். அன்று முதல் அது இரவிலும் திறந்தே இருக்கிறது. அவர் பேத்தி படிக்கும் பள்ளியின் காற்றை அளக்க வேண்டும் என்று எழுதும் விண்ணப்பம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதில் முதற் கையெழுத்து அவருடையது.